தீக்குதிரை ஆண்டு

ஜப்பானின் பிறப்புக் கணக்கை ஆண்டுவாரியாக வரைந்து பார்ப்போமானால், 1966ஆம் ஆண்டு ஒரு கிணறு போல் ஆழ்ந்து கிடப்பதைக் காணலாம். 1965இல் அங்கே பிறந்த குழந்தைகள் 18,23,697. 1966இல் 13,60,974. மறு ஆண்டே 19,35,647 என எண்ணிக்கை மீண்டு எழுகிறது. போரில்லை, பஞ்சமில்லை, கொள்ளைநோயும் இல்லை. நாடு செழித்துக்கொண்டிருந்த காலம் அது. நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறக்கவிடாமல் தடுத்தது அவ்வாண்டின் பெயர். 'ஹினோஏ உமா' என்பர். தீக்குதிரை என்று நாம் தமிழில் சொல்லலாம்.

பெயர் பிறந்த இடம் சீனம். சீனரின் நாட்காட்டி நிலவையும் கதிரவனையும் ஒரே நுகத்தில் பூட்டியது. அமாவாசைக்கு அமாவாசை என்று எண்ணினால் பன்னிரண்டு மாதங்களில் 354 நாட்களே தேறும்; கதிரவனின் ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாட்கள் குறையும். அதை ஈடுசெய்யப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மிகைமாதம் செருகப்படுகிறது. கதிரவனின் பாதையைப் பன்னிரண்டாகப் பகுக்கும் முதன்மைப் புள்ளிகளுள் ஒன்றேனும் விழாத மாதமே பொதுவாக மிகைமாதமாகும். சங்கராந்தி விழாத மாதத்தை அதிக மாதமெனக் கொள்ளும் தெலுங்கர், கன்னடர் வழக்கை அறிந்தோர்க்கு இதில் வியப்பிராது.

ஆண்டுக்குப் பெயரிடுவது வேறொரு கணக்கு. பத்துத் தண்டுகள், பன்னிரண்டு கிளைகள் என்னும் இரு வரிசைகளையும் இணைத்துச் சுழற்றினால் அறுபதாண்டில் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். பிரபவ முதல் அட்சய வரை எண்ணிப் பழகிய நமக்கு இது புதிதன்று. நம் வட்டம் 1987இல் தொடங்கியது, அவர்களுடையது 1984இல். எலி, எருது, புலி முதலிய விலங்குகள் பின்னாளில் வந்து கிளைகளில் அமர்ந்தவை. இவ்வட்டத்தின் நாற்பத்து மூன்றாம் ஆண்டு 'பிங்-வூ'. பிங் என்ற தண்டும் தீ, வூ என்ற கிளையும் தீ; கிளைக்குரிய விலங்கு குதிரை. தீயின்மேல் தீ.

சீனத்தில் இவ்வாண்டைக் கண்டு அஞ்சவேண்டியவர்கள் அரசர்கள். செங்குதிரையும் அதையடுத்த செவ்வாடும் நாட்டிற்குக் கேடு தரும் என்பது அங்குள்ள வழக்கு. 1126ஆம் ஆண்டு பிங்-வூ. அவ்வாண்டின் மிகைப் பதினோராம் மாதத்தில், ஆங்கில நாட்கணக்கில் 1127 சனவரியில், வட சோங் அரசின் தலைநகரான கைஃபெங் சுர்ச்சென் படைகளிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு, செவ்வாட்டின் ஆண்டில், தந்தையும் மகனுமாக இரு பேரரசர்கள் சிறைப்பட்டு வடக்கே கொண்டுசெல்லப்பட்டனர். சரியாக 120 ஆண்டுகள் கழித்து, 1246இல், சாய் வாங் என்ற அறிஞர் முற்கால வரலாற்றிலிருந்து இவ்விரு ஆண்டுகளின் கேடுகளை எல்லாம் தொகுத்து ஒரு நூலாக்கிப் பேரரசர் லீசோங்கிடம் அளித்தார். பரிசாகக் கிடைத்தது சிறை, பின்னர் விடுதலையானார். எந்த ஆண்டைத் தோண்டினாலும் ஒரு கேடு கிடைக்கத்தான் செய்யும் என்று நாம் வாதிடலாம். எனினும் சாய் வாங் தம் கணக்கை நீட்டியது அதிகாரத்தை நோக்கி என்பதை மறுப்பதற்கில்லை.

அதே கணக்கு கடல் கடந்ததும் ஆளை மாற்றிக்கொண்டது. தாங் காலச் சீன நாட்காட்டி ஒன்றை ஜப்பானியர் 862 முதல் எண்ணூறாண்டுகளுக்கு மேல் கைக்கொண்டிருந்தனர். எதோ நகரில் 1683இல் ஓஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரர் மகள் தீவைத்த குற்றத்திற்காக எரித்துக் கொல்லப்பட்டாள். முந்தைய தீவிபத்தின்போது அடைக்கலம் புகுந்த கோயிலில் கண்ட இளைஞனை மீண்டும் காணும் ஆசையில் தீயிட்டாள் என்பது கதை. இஹாரா சைகாகு 1686இல் இதை எழுதினார். அவர் அவளுக்குத் தரும் வயது பதினாறு. பிறந்த ஆண்டையும் ஒன்றாக எண்ணும் அக்கால வழக்கப்படி அவள் 1668இல் பிறந்திருக்க வேண்டும். ஆனால் 1666 அன்றோ தீக்குதிரை ஆண்டு! பின்வந்த பொம்மலாட்ட நாடகங்கள் அவளை அவ்வாண்டுக்கு நகர்த்திவிட்டன. தீக்குதிரையில் பிறந்த பெண் கணவனைக் கொல்வாள் என்ற பேச்சுக்கு ஓஷிச்சி சான்றானாள். நட்சுமே சோசெகி 1907இல் எழுதிய புதினமொன்றில், அவ்வாண்டில் பிறந்திராத நாயகியையே 'தீக்குதிரை' என்கிறார். அதற்குள் அச்சொல் ஓர் இயல்பைச் சுட்டும் வசைச்சொல்லாகியிருந்தது.

1906இல் பெண்மகவு பெற்றோர் முந்தைய ஆண்டிலோ பிந்தைய ஆண்டிலோ பிறந்ததாகப் பதிவுசெய்தனர். பதிவு மாறாத பெண்கள் மணவயதை எட்டியபோது வரன்கள் தட்டிப்போயின. மனமுடைந்து உயிர் துறந்தோர் பற்றிய செய்திகள் நாளேடுகளில் வந்தன. 1966இல் பதிவேட்டைத் திருத்தவேண்டிய தேவை இல்லை. கருத்தடை வழிகள் கைவசம் இருந்தன. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று முன்னரே அறியும் வழி மட்டும் இல்லை. ஆகவே பெண்ணுக்கு அஞ்சி ஆணையும் சேர்த்தே தவிர்த்தனர்.

இதில் நாம் கவனிக்கத்தக்க விந்தை ஒன்றுண்டு. ஜப்பான் பழைய நாட்காட்டியைக் கைவிட்டு ஆங்கில நாட்காட்டிக்கு மாறியது 1873இல். ஆண்டின் பெயர்கள் மட்டும் சனவரி முதல் நாளுக்கு இடம்பெயர்ந்து நீடித்தன. சீனக் கணக்கில் 1966இன் தீக்குதிரை பிறந்ததோ சனவரி 21இல். அதற்கு முந்தைய இருபது நாட்களில் பிறந்த பெண், ஜப்பானில் தீக்குதிரை, சீனத்தில் பாம்பு.

2026 பிப்ரவரி 17 முதல் 2027 பிப்ரவரி 5 வரையிலான சீன ஆண்டு மீண்டும் பிங்-வூ. 1966இல் ஜப்பானியப் பெண்ணொருத்திக்குச் சராசரியாக 1.58 குழந்தைகள் என்றிருந்த கருவள வீதம், எந்தக் குதிரையும் குறுக்கிடாத 1989இலேயே 1.57 ஆயிற்று. 2024இல் அது 1.15. அவ்வாண்டு அங்கே பிறந்த குழந்தைகள் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. தீக்குதிரைக்கு அஞ்சிய ஆண்டில் பிறந்தோரில் ஏறத்தாழப் பாதி.