தொடுகறியான சோளம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமையை நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று உற்றாரும் உறவினரும் கூடும் வீடுகளில் வான்கோழி இறைச்சிக்குத் துணையாகப் பல தொடுகறிகள் பந்திக்கு வரும். அவற்றுள் ஒன்று மக்காச்சோளக் காசரோல். இதன் செய்முறை மிக எளிது. டப்பாவில் அடைத்த சோளமணி ஒரு டப்பா, பாலேடு போலக் குழைத்த சோளம் ஒரு டப்பா, சோள ரொட்டிக்கான கலவை மாவு ஒரு பொட்டலம், புளித்த பாலேடு ஒரு கோப்பை, உருக்கிய வெண்ணெய் அரைக் கோப்பை, முட்டை இரண்டு. இவற்றைக் கலந்து, வெண்ணெய் தடவிய கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஓவனில் 350 பாரன்ஹீட் சூட்டில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிடுவர். மேற்புறம் பொன்னிறமாகி, நடுப்பகுதி தளும்பாமல் இறுகியதும், தட்டோடு எடுத்துப் பந்தியில் வைப்பர். விருந்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுசெல்லும் வழக்கமுள்ள நாட்டில் இது சுமந்து செல்லவும் ஏற்றது.

சுவைப்போர் சோளத்தைப் புகழ்வர். வரலாற்றை நோக்குவோர்க்கோ, அச்சோளத்தோடு சேர்ந்த பாலும் முட்டையுமே பெரியனவாகத் தோன்றும்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். நம் முன்னோர் அறிந்த சோளம் வேறு. மலாய்க்காரர் ஜாகுங் என்று கூறும் மக்காச்சோளம் வேறு. பின்னதற்கும் மக்கா நகருக்கும் பிறப்புத் தொடர்பு இல்லை. இத்தாலியர் இதனைத் துருக்கித் தானியம் என்றனர். துருக்கிக்கும் இது சொந்தமன்று. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தென் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்டே என்னும் காட்டுப்புல்லிலிருந்து இதனைப் பயிராக்கியவர் அந்நிலத்துப் பழங்குடி மக்களே.

அவர்கள் பயிரை மட்டுமன்று, அதை உண்ணும் முறையையும் கண்டறிந்தனர். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைத்தனர். வடபுலத்தில் மரச் சாம்பலைப் பயன்படுத்தினர். சோளத்திலுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்து வேறு பொருள்களோடு இறுகப் பிணைந்திருப்பதால் நம் உடல் அதை எளிதில் ஏற்பதில்லை. சுண்ணாம்பு அப்பிணைப்பை அவிழ்க்கிறது. சோளக் கொல்லையிலேயே அவரையினப் பயறும் பூசணியும் பயிரிட்டு மூன்றையும் சேர்த்து உண்டனர். வேதியியல் படியாதவர் செய்த வேலை இது.

ஐரோப்பியக் குடியேறிகள் தானியத்தை எடுத்துக்கொண்டனர். முறையைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ஆயினும் வசதியுள்ள வீடுகளில் கேடு விளையவில்லை. 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி ‘அமெரிக்கன் குக்கரி’ என்னும் சமையல் நூலை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூல் அதுவே என்பர். அதிலுள்ள சோளமாவுப் புட்டிங் ஒன்றுக்கு மாவு 7 கரண்டிதான், முட்டையும் 7! அதற்குமேல் காய்ச்சிய பால், வெண்ணெய், உலர்ந்த திராட்சை. இன்றைய காசரோலுக்கு இதனை ஒரு மூதாதை எனலாம். பாலிலும் முட்டையிலும் நயாசின் மிகுதியாக இல்லை. ஆனால் அவற்றின் புரதத்திலுள்ள டிரிப்டோபான் என்னும் பொருளிலிருந்து நம் உடல் நயாசினை ஆக்கிக்கொள்கிறது.

அந்தப் பாலும் முட்டையும் இல்லாத வீடுகளின் கதை வேறு. தென் மாநிலங்களில் பருத்தி நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைகளும், நூலாலைக் குடியிருப்புத் தொழிலாளரும் உண்டவை சோளமாவு, கரும்புப் பாகு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு ஆகிய மூன்றே. வாசற்படி வரை பருத்தி நட்ட இடத்தில் கீரைப் பாத்தி ஏது? பசு கட்டத் தரை ஏது? லயத்துக்குப் பின்னே நாலு முழ நிலத்தில் முருங்கையும் கத்தரியும் வைத்து வளர்ந்த நம் தோட்டத்து மக்களுக்கு அந்த நாலு முழத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மாவு நெடுநாள் கெடாதிருக்க வேண்டுமென்று புதிய ஆலைகள் சோளத்தின் முளையையும் நீக்கின.

விளைவு பெல்லாகிரா என்னும் நோய். வெயில் படும் தோல் கன்றிக் கறுக்கும், வயிறு கழியும், அறிவு கலங்கும், பின் உயிர் போகும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் சுமார் 30 இலட்சம் அமெரிக்கரை அது பற்றியது. ஏறத்தாழ 1 இலட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடுவர்.

தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் நம்பினர். 1914-இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், மனநோய் விடுதிகளில் நோயாளிகளுக்கு வரும் பெல்லாகிரா தாதியருக்கு வராததைக் கவனித்தார். தொற்றுக்குத் தாதியென்றும் நோயாளியென்றும் வேறுபாடு தெரியுமா? மிசிசிப்பியில் இரண்டு அநாதை இல்லங்களின் சிறுவர்க்குப் பால், முட்டை, பயறு கொடுக்கச் செய்தார், நோய் அகன்றது. 1915-இல் அம்மாநிலத்துச் சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாக உறுதி பெற்ற 11 கைதிகளுக்குச் சோளமும் மாவுப் பண்டங்களுமே பெரும்பகுதியாகக் கொடுத்தார். அவர்களில் 6 பேருக்கு நோய் கண்டது. மக்கள் நலத்துக்காகவே செய்தாலும், விடுதலைக்கு ஏங்குவோரின் இசைவு முழு இசைவாகுமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

உண்மை வெளிப்பட்டதும் எல்லாரும் மகிழவில்லை. 1921-இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங் தெற்கே பெல்லாகிரா பரவும் ஆபத்தைக் கூறி உதவி நாடியபோது, எங்கள் நாட்டில் பஞ்சமா என்று தெற்கத்தியத் தலைவர்கள் சினந்தனர். வறுமையைவிட வறுமை என்ற சொல் அவர்களைச் சுட்டது போலும்.

இதே பாடத்தை மலாயா சற்று முன்பே கற்றிருந்தது. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும், மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முன்னவரிடையே பெரிபெரி பரவியது; பின்னவரிடையே பரவவில்லை. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாயிருந்ததன் காரணமும் இதுவே. 1912-இல் காசிமிர் பங்க் உயிர்ச்சத்துக் கொள்கையை வெளியிட்டபோது பெரிபெரியையும் பெல்லாகிராவையும் ஒரே வரிசையில் வைத்தார்.

சிறைப் பண்ணைச் சோதனை நடந்த அதே 1915-இல்தான் பைரெக்ஸ் கண்ணாடித் தட்டுகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. ஓவனிலிருந்து நேரே பந்திக்குச் செல்லும் காசரோல் அதனால் பெருகியது. 1930-இல் மிச்சிகன் மாநிலத்துச் செல்சீ நகரில் மேபல் ஒயிட் ஹோம்ஸ் ‘ஜிபி’ என்னும் கலவை மாவை விற்கத் தொடங்கினார். அப்பெயரில் பின்னர் வந்த சோளக் கலவையே இன்று பல வீடுகளில் இத்தொடுகறிக்கு அடிப்படை. கோல்ட்பெர்கர் 1929-இல் காலமானார். அவர் தேடிய சத்து நயாசினே என்பதை 1937-இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜெம் கண்டார். 1940களில் அதனை மாவிலேயே சேர்க்கும் வழக்கம் பரவியது. இன்றும் அச்சோளக் கலவைப் பொட்டலத்தின் பொருட்பட்டியலில், சர்க்கரைக்கும் உப்புக்கும் பின்னே, சிறிய எழுத்தில் நயாசின் என்ற சொல் இருக்கிறது.