கட்டட ஒப்பந்தப் பிணக்கும் நீதிமன்றமும்

துறைமுக ஊர்களிற் கட்டட வேலை ஓய்வதில்லை. பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துச் செல்லுமுன் இங்கு எழுப்பிய துறைகளையும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் வரலாறு எழுதுவோர் விரித்துரைப்பர். அவற்றைக் கட்டியவனுக்குக் கூலி எப்பொழுது கிடைத்தது என எழுதுவார் அரியர். ஒப்பந்தகாரர் வேலையை முடித்துக் கணக்குக் கொடுப்பார். வேலை கொடுத்தவர் குறை கூறிப் பணத்தை நிறுத்துவார். இடையில் மேசனும் தச்சனும் சம்பளத்துக்குக் காத்திருப்பர். இப்பிணக்கை நடுவர் ஒருவர் தீர்த்தபின், தோற்றவர் நீதிமன்றம் சென்று அதனை எதிர்க்கலாமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் எளிதிற் கலைத்தலாகாது என்னும் கொள்கை பழையது. ஆங்கில நாட்டு 1698ஆம் ஆண்டுச் சட்டம், ஊழலாலோ முறைகேட்டாலோ பெறப்பட்ட தீர்ப்பையே கலைக்க இடமளித்தது. அச்சட்டத்தின் வரைவில் மெய்யியலறிஞர் யோன் லொக்கின் கையும் இருந்தது என்பது மாணவர்க்கு வியப்பளிக்கலாம். இலங்கையில் 1866ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைக் கோவையும் நடுத்தீர்ப்புக்கு வழி வகுத்தன.

எனினும் கட்டட வேலையில் நடுத்தீர்ப்பே ஆண்டுக்கணக்கில் நீளும். ஆதலின் ஆங்கிலேயர் 1996ஆம் ஆண்டிற் புதுச் சட்டமொன்று இயற்றினர். 28 நாளில் இடைத்தீர்ப்பாளர் முடிவு கூறுவார். தோற்றவர் முதலிற் பணத்தைக் கட்டுக, வழக்காடுவதாயின் பின்னர் வழக்காடுக என்பது அதன் சாரம்.

இதற்குச் சிறந்த சான்று மற்றொரு கடற்படைத் துறையிலேயே கிடைக்கின்றது. பிளிமத் நகரிலுள்ள டெவன்போட் துறையில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான உலர்துறையைப் புதுப்பித்த வேலையில் எழுந்த பிணக்கில், இடைத்தீர்ப்பாளர் கரிலியன் என்னும் ஒப்பந்த நிறுவனத்துக்குப் பத்து மில்லியன் பவுணுக்கு மேல் வழங்கும்படி பணித்தார். துறையை நடத்திய நிறுவனம் இயற்கை நீதி மீறப்பட்டதென்றும், காரணங்கள் போதாவென்றும் வாதாடிற்று. 2005ஆம் ஆண்டில் முதல் நீதிமன்றமும், அதன்பின் மேன்முறையீட்டு மன்றமும் அவ்வாதங்களை ஏற்கவில்லை. சரியான விடையினும் விரைவான விடையே இம்முறையில் முதன்மை பெறும் என்பது சட்விக் நீதியரசரின் கருத்து. சட்டம் பயில்வார்க்கு இது கசப்பான கூற்றாகத் தோன்றலாம். கூலிக்குக் காத்திருப்பவனுக்கு அவ்வாறு தோன்றாது.

சட்டத்தின் துணையின்றி ஒப்பந்த வாசகத்தை மட்டும் நம்பியவர் கதி வேறு. இந்தோனேசியாவில் எரிவாயுக் குழாய் பதித்த நிறுவனமொன்றுக்குப் பிணக்குத் தீர்ப்புச் சபை 2008ஆம் ஆண்டு நவம்பரில் 17 மில்லியன் டொலருக்கு மேல் வழங்கப் பணித்தது. வேலை கொடுத்த அரச எரிவாயு நிறுவனம் கட்டவில்லை. நடுவர் குழு அதனை வலியுறுத்தி அளித்த தீர்ப்பைச் சிங்கப்பூர் மேல் நீதிமன்றம் 2010இற் கலைத்தது. மேன்முறையீட்டு மன்றமும் 2011இல் அதனையே உறுதிசெய்தது. ஒப்பந்தகாரர் மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்க நேர்ந்தது. 2015 மே மாதத்திலேதான், அதுவும் மூவருள் ஒருவர் மாறுபட, தீர்ப்பு நிலைத்தது. சபை கூறிய முடிவுக்கும் இதற்கும் இடையே கழிந்தவை ஆறரை ஆண்டுகள்!

நிற்க, நம் நாட்டு நிலையை நோக்குவாம். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் நடுவர் தீர்ப்பையே பேசுகின்றது, இடைத்தீர்ப்பைப் பேசவில்லை. எனவே இடைத்தீர்ப்பில் வென்றும் பணம் பெறாதவர் பெரும்பாலும் நடுவரிடமே செல்லவேண்டியவராவர். நடுவர் தீர்ப்பும் கிடைத்தபின், தோற்றவர் 60 நாளுக்குள் மேல் நீதிமன்றில் அதனைக் கலைக்கக் கோரலாம். உடன்படிக்கை செல்லாமை, அறிவித்தல் கொடாமை, அதிகாரம் கடத்தல், பொதுக்கொள்கைக்கு முரண்படல் முதலியனவே ஏற்கத்தக்க காரணங்கள். நடுவர் கணக்கிற் பிழைத்தார் என்பது அவற்றுள் இல்லை. அதன்மேல் சட்ட வினா எழுமாயின், அனுமதி பெற்று உயர் நீதிமன்றம் செல்லலாம்.

இவற்றினும் நம்மவர்க்குப் பெரிது வேறொன்றுண்டு. அச்சட்டம் மேல் நீதிமன்றம் எனக் குறிப்பது கொழும்பு நீதி வலயத்தில் அமர்வதனையே. பிறிதொன்றைக் குறிக்க அமைச்சர், பிரதம நீதியரசரின் இணக்கத்துடன் கட்டளையிடல் வேண்டும். மூதூரிற் பாடசாலைக் கட்டடம் கட்டிய சிறு ஒப்பந்தகாரர் 250 கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்து, அங்கே வழக்கறிஞரை அமர்த்தி வாதாடவேண்டும். நிலுவை சிறிதாயின் வழிச்செலவும் வழக்குச்செலவும் அதனை விழுங்கிவிடும். அத்தகைய கட்டளைக்கு இம்மாவட்டத்து ஒப்பந்தகாரர் ஒன்றுகூடி விண்ணப்பித்தல் தகும்.