தபாலில் வந்த கடை

1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிவுற்றபின் ஐக்கிய அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளிற் குடியேறிய கமக்காரருக்கு நிலம் தாராளமாய்க் கிடைத்தது. கடை மட்டும் ஊருக்கு ஒன்றே. மண்ணெண்ணெய், ஆணி, சீனி, சட்டைத் துணி யாவற்றையும் நெடுந்தூரம் வண்டியிற் சென்று அக்கடையிலேயே வாங்கவேண்டும். பண்டங்களின்மேல் விலை எழுதப்பட்டிருப்பது அரிது. எழுதப்பட்டிருப்பினும் கடைக்காரர் மட்டும் அறிந்த குறியெழுத்தில் இருக்கும். ஆளைப் பார்த்து விலை சொல்வது வழக்கம். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாமோவென்றால், வேறு கடை இல்லை.

அக்கடைக்காரரை வெறும் கொள்ளைக்காரர் என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. பல கைமாறி விலையேறிய பண்டமே அவரிடமும் வந்து சேர்ந்தது. அறுவடை வரையிற் கடன் கொடுத்துக் காத்திருந்தவரும் அவரே.

இக்கிராமக் கடைகளுக்கு ஊரூராகச் சென்று சரக்கு விற்று வந்த பிரதிநிதிகளுள் ஒருவர் ஆரன் மொன்ற்கொமறி வாட். கமக்காரரின் முறைப்பாடுகளை அவர் நேரிற் கேட்டறிந்தவர். இடைத்தரகரின்றி, ரொக்கத்துக்கு மொத்தமாக வாங்கி, கமக்காரருக்கே நேராக அனுப்பினால் என்ன என்று எண்ணினார். அவர் சேர்த்த முதற் சரக்கு 1871ஆம் ஆண்டின் சிக்காக்கோப் பெருந்தீயில் அழிந்தது. மறு ஆண்டு மீண்டும் தொடங்கினார். 1872இல் அவர் வெளியிட்ட பட்டியல் ஓர் ஒற்றைத்தாளே. அதில் 163 பண்டங்களும் அவற்றின் விலைகளும் அச்சிடப்பட்டிருந்தன. வாங்குபவர் யாராயினும் விலை ஒன்றே.

விலை குறைந்தது, ஆயின் ஐயம் குறையவில்லை. முகமறியாத ஒருவருக்கு, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பணத்தை எப்படி அனுப்புவது? சிக்காக்கோ நாளேடொன்று 1873இல், இது கமக்காரரை ஏய்க்கும் சூழ்ச்சி என்று எழுதி, பின்னர் அதே ஆண்டில் தன் கூற்றை மீட்டுக்கொண்டது. வாட் இந்த ஐயத்தையே தம் வேலையாக எடுத்துக்கொண்டார். 1867இல் தோன்றிய ‘கிறேஞ்ச்’ என்னும் கமக்காரர் சங்கத்தின் நம்பிக்கையைப் பெற்றார். பண்டம் வந்தபின், பார்த்துப் பணம் செலுத்தவும் இடமளித்தார், வி.பி.பி. முறையை அறிந்த நேயர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது. 1875இல், திருப்தியில்லையேல் பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதியையும் வழங்கினார். பொருளிற் குறை கண்டால் நட்டம் விற்பவருடையது என்றானபோதுதான் வாங்குபவர் துணிந்தார்.

றிச்சாட் சியேஸ் என்னும் புகையிரத நிலைய அலுவலர் 1886இல், கடைக்காரர் ஏற்க மறுத்த கைக்கடிகாரப் பொதியொன்றை எடுத்து விற்றுத் தொழிலில் நுழைந்தார். அக்காலக் கைக்கடிகாரமென்பது சட்டைப் பையில் வைக்கும் கடிகாரம். அவரும் றோபக் என்பவரும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் பட்டியல், எழுதத் தயங்குவோருக்கும் வழி காட்டியது. எந்த மொழியிலும் எழுதலாம். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேண்டியதைத் தம் பாணியிற் சொன்னாற் போதும் என்றது. ஜெர்மனியிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இவ்வாக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்திருக்கும்!

தென் மாநிலங்களிலோ இதன் பயன் இன்னும் ஆழமானது. அங்கே கறுப்பின மக்கள், வெள்ளையர் யாவரும் வாங்கி முடியும்வரை கடையிற் காத்து நிற்கவேண்டும். மட்டமான சரக்கே அவர்களுக்கென ஒதுக்கப்படுவதும் உண்டு. பட்டியலின் பக்கமோ எவருடைய நிறத்தையும் கேட்பதில்லை. பல ஊர்களிற் கடைக்காரரே தபால் அதிபராயுமிருந்தமையால் அவரிடமே முத்திரையும் காசுக் கட்டளையும் வாங்கவேண்டியிருந்தது. இதற்கும் பட்டியல் வழி சொன்னது: கடிதத்தையும் பணத்தையும் வீட்டுக்கு வரும் தபாற்காரரிடமே கொடுத்துவிடலாம். இந்நிறுவனத்தில் 1895இற் சேர்ந்த யூலியஸ் றோசன்வால்ட், பிற்காலத்தில் அதே மாநிலங்களிற் கறுப்பினச் சிறுவருக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிக்கூடங்கள் எழ உதவினார் என்பதும் நினைவுகூரத்தக்கது. அவ்வூர் மக்களும் தம் பணத்தையும் உழைப்பையும் அவற்றுக்குக் கொடுத்தனர்.

அத்தபாற்காரர் கிராமத்து வாயிலுக்கு வந்ததே தனிக் கதை. 1896இல் மேற்கு வேர்ஜீனியாவிற் பரிசோதனையாகத் தொடங்கிய இலவசக் கிராம விநியோகம் 1902இல் நிரந்தரமாயிற்று. அதற்குமுன் கமக்காரர் தபாற்கந்தோர் சென்றே கடிதம் பெறவேண்டியிருந்தது. அங்கே சென்றவர் ஊர்க் கடையில் எதையாவது வாங்கித் திரும்புவதும் இயல்பே. பொதிகளைப் பொறுத்தவரை, நான்கு இறாத்தலுக்கு மேற்பட்டவற்றைத் தபாலில் அனுப்ப இயலாது. தனியார் விரைவுக் கம்பனிகளே அவ்வேலையைச் செய்து, அதற்கேற்ற கூலியும் பெற்றன. இக்கம்பனிகளும் ஊர்க் கடைக்காரரும் பொதித் தபாலைப் பல்லாண்டு எதிர்த்து நின்றனர். சில ஊர்களில் வணிகர் பட்டியல்களைத் திரட்டித் தீயிலிட்டு எரிக்கவுஞ் செய்தனர். ஆயினும் 1913 ஜனவரி முதலாந் திகதி அரசாங்கப் பொதித் தபால் தொடங்கிற்று. முதலில் 11 இறாத்தல் வரையே ஏற்கப்பட்டது. பின்னர் அவ்வெல்லை உயர்த்தப்பட்டது. பட்டியல் வணிகர் ஈட்டிய பெருஞ் செல்வத்திற் பொதுமக்களின் வரிப்பணத்தால் நடந்த இத்தபால் வண்டிக்கும் பங்குண்டு என்பது எளிதில் மறக்கப்படுகிறது.

எரித்தவர்களின் அச்சம் முற்றும் வீணானதன்று. ரொக்கம் சிக்காக்கோவுக்குப் போயிற்று. கடன் ஊர்க் கடையில் நின்றது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் கமக்காரர் மாவுக்கும் சீனிக்கும் தவணை கேட்டுச் சென்றது, பட்டியல் வந்தபின் தாம் அதிகம் மிதிக்காத அக்கடை வாசலுக்கே. சில கடைக்காரர் அப்போதும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டனர். வேறு சிலரின் கடைகள் அதற்குள் மூடப்பட்டிருந்தன.

பின்னர் மோட்டார் வண்டி வந்தது. கமக்காரரே நகருக்குச் சென்று வாங்கத் தொடங்க, சியேஸ் நிறுவனம் 1925இற் சிக்காக்கோவில் தன் முதற் சில்லறைக் கடையைத் திறந்தது. வாட் நிறுவனத்தின் பட்டியல் 1985இலும், சியேஸின் பெரும் பட்டியல் 1993இலும் நின்றுபோயின.