ட்ரங்க் போர்ட்

ஒரே சுவிட்ச் போர்ட்டின் வழியே பல விலான்களின் (மெய்நிகர் உள்வலையமைப்புகளின்) தரவைக் கொண்டுசெல்லும் அமைப்பு. சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கவும், சுவிட்சை ரவுட்டருடன் இணைக்கவும் பயன்படுகிறது. 1998இல் வெளியான ஐஇஇஇ 802.1கியூ தரமே இதற்கு அடிப்படை. சிஸ்கோவின் பழைய ஐஎஸ்எல் முறை ஃபிரேம் முழுவதையும் புது உறைக்குள் இட்டது; 802.1கியூவோ அனுப்புநரின் மேக் முகவரியை அடுத்து 4 பைட் டேகை மட்டும் செருகுகிறது. அதில் விலான் எண்ணுக்கு 12 பிட். 0, 4095 நீங்கலாக 4,094 எண்கள் பயன்படும்.

டேக் இல்லாமல் வரும் ஃபிரேம் நேட்டிவ் விலானைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்: இரு முனைகளிலும் நேட்டிவ் விலான் வேறுபட்டால், ஒன்றின் தரவு மற்றொன்றுக்குள் கசியும். சிஸ்கோ சுவிட்சுகளில் மாற்றாதவரை நேட்டிவ் விலானாக இருப்பது விலான் 1. பயன்பாட்டில் இல்லாத வேறு எண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது.