கண்டலும் வெள்ளமும்

கி.பி. 1344ஆம் ஆண்டிலே மாலைத்தீவிலிருந்து சோழமண்டலக் கரை நோக்கிப் புறப்பட்ட மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதாவின் மரக்கலம், காற்றால் அலைக்கப்பட்டு இலங்கையின் மேல்கரையை வந்தடைந்தது. அவர் தங்கிய பட்டினம் புத்தளமே என்பர் ஆராய்ச்சியாளர். ஆரியச் சக்கரவர்த்தியின் ஆணை அங்கே நடந்த காலம் அது. மரவேலி சூழ்ந்த பட்டினத்தையும் மன்னனிடமிருந்த முத்துக்களையும் வருணித்த யாத்திரிகர், வேறொரு காட்சியையும் குறித்து வைத்தார். ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவாமரங்கள் கரையிலே குன்றுகள்போற் குவிந்து கிடந்தனவாம். முத்தையும் கறுவாவையும் பிற்காலத்தார் மறக்கவில்லை. அக்கறுவாவைக் கொணர்ந்த வெள்ளத்தைத்தான் மறந்தனர்.

புத்தளத்தின் நில அமைப்பை நோக்கினால் அவ்வெள்ளத்தின் கதை விளங்கும். மேற்கே கற்பிட்டிக் குடாநாடு, கிழக்கே பெருநிலம், இடையிலே வடக்கு நோக்கி வாய்திறந்த, ஏறத்தாழ 327 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள களப்பு. ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கட்டிய கலாவாவியின் மிகைநீரைச் சுமந்துவரும் கலா ஓயாவும், நகருக்கு அண்மையிலே மீ ஓயாவும் இக்களப்பிற் கலக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் மெலிந்தோடும் இவ்வாறுகள், மாரிமழையிலே சில நாட்களுள் பெருகிவிடும். நிலமோ தட்டையானது. வந்த நீர் பரந்து நிற்க இடம் வேண்டும். இல்லையேல் அது ஊருக்குட் புகும்.

அவ்விடத்தைக் காத்து நின்றது கண்டற்காடு. கலா ஓயாவின் முகத்துவாரத்திலே கங்கேவாடியைச் சூழ்ந்துள்ள கண்டல், இலங்கையின் மிகப் பெரிய கண்டற்காடுகளுள் ஒன்று. சேற்றிலே ஊன்றிய வேர்கள் ஆற்றுநீரின் வேகத்தைத் தணிக்கின்றன. வேகந் தணிந்த நீர் தன் வண்டலை அங்கேயே இறக்குகிறது. நிலம் சிறிது சிறிதாக உயர்கிறது. கடற்புறத்திலே 100 மீட்டர் அகலமுள்ள கண்டல், அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் எனக் கண்டுள்ளனர். ஆயினும் காடு வெள்ளத்தையே நிறுத்திவிடும் என்று கொள்வது மிகை. வரும் நீரை அது பரப்பும், தாமதிக்கச் செய்யும், அவ்வளவே. அத்தாமதத்தின் அருமையை வெள்ளத்தில் உடைமையிழந்தவர் அறிவர்.

முற்கால மீனவர் கண்டற்பட்டையைக் காய்ச்சிப் பருத்தி வலைகளுக்குத் துவரேற்றினர். நைலோன் வலை வந்தபின் பட்டைக்குத் தேவை குன்றியது. காட்டோடிருந்த உறவொன்று அத்துடன் தளர்ந்தது போலும். 1980களிலே இறால் வளர்ப்பு இக்கரைக்கு வந்தபோது காட்டுக்காகப் பேசியோர் சிலரே.

சிலாபம் முதல் புத்தளம் வரை, முந்தற் களப்போரத்திலும் ஒல்லாந்தர் கால்வாயோரத்திலும், கண்டலும் உவர்நிலமும் இறாற்குளங்களாயின. அந்நியச் செலாவணி வந்தது; பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் குளந்தோறும் நாற்புறமும் வரம்பு எழுந்தது. நீர் பரந்து நின்ற நிலம் துண்டுதுண்டாயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் தோன்றி, 1998இல் மீண்டும் கடுமையாகத் தாக்கவே, பல பண்ணைகள் கைவிடப்பட்டன. பண்ணையாளர் போயினர், வரம்புகள் நின்றன.

2025 நவம்பர் இறுதியிலே ‘டித்வா’ புயல் கொட்டிய மழையில் கலா ஓயாவும் தெதுரு ஓயாவும் கரைபுரண்டன. அத்தகைய மழையின்முன் கண்டல் எம்மாத்திரம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் மழை ஓய்ந்தபின் நீர் எத்தனை நாள் ஊரிலே தங்கும் என்பது, அது கடலுக்கு வடிந்து செல்லும் வழிகளைப் பொறுத்தது.

இழந்த காட்டை மீட்பதும் எளிதன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையிலே 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரையான நிலத்திற் கண்டல் நட முயன்றனர். 2017இல் வெளியான ஆய்வின்படி, பயன் தந்தது 200 முதல் 220 ஹெக்டேர் வரையே. நீரின் போக்கறியாது, கண்ட இடத்தில் நட்டமை அதற்கு ஒரு பெருங்காரணம். சிலாபத்துக்கு வடக்கே, பழைய தொடர்குளங்களாற் பெயர்பெற்ற ஆனைவிழுந்தானில் இப்பாடம் பயன்பட்டது. கைவிடப்பட்ட இறாற்குளங்களிலே முதலில் நீரோட்டத்தைச் சீர்செய்து, காடு தானாக முளைக்க வழிவிட்டனர். இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக ஏற்றது. தாய்மரத்திலேயே முளைவிட்டு விழும் கண்டற்காய், நீரில் மிதந்து சென்று தக்க சேற்றிலே வேரூன்றும். வரம்பிலே அதற்கு ஒரு திறப்பு வேண்டும்.