மிதக்கும் சட்டை

ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. கப்பல்களிலிருந்து கழித்துப் போட்ட விளக்கு, மணி, கயிறு, கண்ணாடி என்று என்னவெல்லாமோ அங்கே குவிந்து கிடக்கும். கையில் நாலு காசு சேர்ந்தால் என் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும். சென்ற கோடையில் அங்கிருந்து இரண்டு பொருள்கள் வாங்கி வந்தேன். ஒன்று, திண்டு திண்டாகப் பஞ்சு அடைத்த தடித்த துணிச் சட்டை. மற்றது, குதிரையின் கழுத்துப் பட்டை போன்ற ஒரு ரப்பர்ப் பை. அதன் அடியில் ஒரு சின்னஞ்சிறு உலோக உருளை.

"ரெண்டும் டைட்டானிக் காலத்து மால், சார்!" என்றார் கடைக்காரர். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் பஞ்சுச் சட்டையை விடவில்லை. அதை மாட்டிக்கொண்டு, காசிமேட்டில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரின் படகில் கடலுக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சரி என்று மூவரும் கரையில் கூடினோம்.

பெரியவர் சட்டையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். "கனமா கீது சார். எண்ணெ நாத்தம் வேற. புள்ளைக்கு இத்த மாட்டாதே," என்றார்.

அவர் கட்டுமரத்தில் வளர்ந்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டதால், கட்டுமரத்தின் இலக்கணம் இப்போது பலருக்கு மறந்துவிட்டது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித் தனியாக மணலில் போட்டுக் காய வைப்பார்கள். மரம் நீர் குடித்தால் கனக்கும். கனத்தால் மிதப்புக் குறையும். தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் கைக்குத் தெரிந்துவிடும். சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் - அந்த வேலை தொடங்கியதே 1875-இல்தான் - கப்பல் பிரயாணிகள் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். படகு கவிழ்ந்தால் பிரயாணிகளைத் தூக்கிவிடக் கட்டுமரக்காரர்கள் பக்கத்திலேயே வருவார்களாம். இந்தக் கடற்கரையின் முதல் உயிர்காப்புச் சாதனம் கட்டுமரம்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

என் சட்டைக்கு வருகிறேன். டைட்டானிக் மூழ்கியது 1912-இல். அதில் இருந்தவர்கள் அணிந்தவை தக்கைச் சட்டைகள். 1854-இல் இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்காகக் காப்டன் வார்டு என்பவர் அமைத்த தக்கைச் சட்டையின் வம்சம் அது. தக்கை உறுதியானது, ஆனால் முரட்டுத்தனமானது. உயரத்திலிருந்து குதித்தால், நீரைத் தொட்டதும் எகிறித் தாடையில் மோதும். ஆகவே மெத்தென்ற ஒரு பொருளைத் தேடினார்கள். கிடைத்தது எது தெரியுமா? நம் வீட்டுத் தலையணையில் இருக்கும் இலவம் பஞ்சு! அந்த இழை ஒவ்வொன்றும் உள்ளே கூடான நுண்ணிய குழல். வெளியே மெழுகுப் பூச்சு. தன் எடையைப் போல் முப்பது மடங்கைக்கூட நீரில் தாங்கும் என்பார்கள். இலவு காத்த கிளியை ஏமாற்றிய பஞ்சு, எத்தனையோ மாலுமிகளை ஏமாற்றாமல் காத்திருக்கிறது.

உலகத்துக்கு இலவம் பஞ்சு பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1942-இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் அது நின்றுபோயிற்று. அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் வயல் வயலாகச் சென்று, நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் காய்களைப் பொறுக்கினார்கள். அந்தப் பஞ்சு சட்டைகளுக்குள் போயிற்று.

இலவம் பஞ்சுக்கு ஒரு சத்துரு உண்டு: எண்ணெய். மெழுகுப் பூச்சு அதற்கு ஈடு கொடுக்காது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியதையும், மனிதர்கள் அதை வாளி வாளியாக அள்ளியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நீரில் விழுந்தவனுக்கு என் சட்டை உதவாது. மாறாக இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது பொருள் மாலுமியுடையதே அல்ல, முக்குளிப்பவனுடையது. 1943-இல் பிரான்சில் கூஸ்டோவும் கான்யானும் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு மூழ்க வழி கண்டார்கள். ஆனால் ஒரு தொல்லை. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும், ரப்பர் உடையிலுள்ள காற்றுக் குமிழ்கள் பாதியாகச் சுருங்கும், ஆள் கனத்துவிடுவான். தூத்துக்குடி முத்துக் குளிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை: கல்லைப் பிடித்து இறங்குவார், கயிற்றைப் பற்றி ஏறுவார். முதுகில் உருளை கட்டியவனோ நடுநீரில் நிற்க வேண்டும். அதற்காக மோரிஸ் ஃபென்சி என்ற பிரெஞ்சுக்காரர் 1961-இல் இந்தக் கழுத்துப் பையை அமைத்தார். பெரிய உருளையிலிருந்து முன்கூட்டியே காற்று நிரப்பிக்கொள்ளும் குட்டி உருளை அதன் அடியில் இருக்கும். மேலே வரும்போது பையின் காற்றை அவ்வப்போது வெளியே விட வேண்டும். மறந்தால் காற்று விரிந்து ஆளை மேலே எறிந்துவிடும்.

அதே 1961-இல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அதே ஆண்டு இலங்கையின் தென்கிழக்குப் பாறைத்திட்டு ஒன்றில், எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் தோழர் மைக் வில்சன், மூழ்கிய கப்பலொன்றில் மொகலாய வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். பஞ்சாங்கக்காரர் எவரும் இப்படிப் பொருத்திப் போட்டிருக்க மாட்டார்!

1971-இல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் கைச்சட்டை போல அணியும் பையைக் கொண்டு வந்ததும், கழுத்துப் பைகள் மெல்ல மறையத் தொடங்கின. ஆகவே கழுத்துப் பையைக் கண்டால் அறுபதுகளும் எழுபதுகளும் என்று பொதுவாகக் கணிக்கலாம். குட்டி உருளையைப் பாருங்கள். ஒரே தடவை வெடித்துத் தீரும் வாயுக் குப்பியானால் அது கடலில் விழுந்தவனுக்கான பையாக இருக்கலாம். திருகு மூடியுடன், திரும்பத் திரும்ப நிரப்பக் கூடியதானால் ஃபென்சி வழி வந்தது. அந்த உருளையை, உள்ளே துருப்பிடித்திருக்கிறதா என்று சோதிக்காமல் நிரப்பக் கூடாது, வெடித்தால் குண்டுதான். பையை வாயால் ஊதுவதென்றால் ஊதுங்கள், ஆனால் அதிலிருந்து உறிஞ்சாதீர்கள். பழைய பைக்குள் பூஞ்சணம் குடியிருக்கும்.

பெரியவர் சொன்னபடி அன்றிரவு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டையும் போட்டேன். சட்டையின் மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். பையை வாயால் ஊதிக் கட்டினேன். அறுபது வயதுக்காரன் ஊதுகிற ஊதல் அல்ல அது, நெஞ்சு வலித்தது. பேரன் பக்கத்தில் நின்று சிரித்தான்.

காலையில் செங்கல்லை எடுத்துப் பார்த்தேன். சட்டை எழும்பவில்லை, தொட்டியின் அடியில் அப்படியே படுத்துக் கிடந்தது. பை பாதி வாடியிருந்தது. சோப்பு நீரைத் தடவியதும் தையல் நெடுகப் பொட்டுப் பொட்டாகக் குமிழ்கள் வந்தன.

பேரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றே கடைத்தெருவுக்குப் போய்ப் புதிய சட்டை ஒன்று வாங்கினேன். பழையவை இரண்டும் சேர்ந்த விலையில் பாதிகூட இல்லை! மறுநாள் விடியற்காலையில் அதை இறுக்கிக் கட்டி அவனைப் படகில் ஏற்றினேன். பெரியவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். அவர் எதையும் அணியவில்லை. கேட்டதற்கு, "எனக்கா சார்?" என்று சிரித்துவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினார்.