எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடுதல்

ஐந்தெழுத்துச் சொல் ஒன்று வேண்டும், அதன் இரண்டாம் எழுத்து இன்னது, இறுதி எழுத்து இன்னது, சொல் யாது? ஆங்கிலச் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வாறு மூளையைக் கசக்கும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். நியூயார்க் நகரத்து நாளிதழ் ஒன்றில், 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட புதிரிலிருந்து குறுக்கெழுத்து விளையாட்டு பெருகிற்று. அதனால் இவ்வகைத் தேட்டமே மேல்நாட்டார் நமக்குத் தந்தது என்று பலரும் கருதுகின்றனர். காவிரி பாயும் நாட்டிலோ அது பொழுதுபோக்காக இருந்ததில்லை. செய்யுள் இயற்றுவோர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் நேர்ந்த வேலையாக இருந்தது.

எதுகை என்பது யாது? அடிகளின் முதற்சீர்களில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல். அதனோடு முதலெழுத்தின் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ஓரடி 'காவிரி' என்று தொடங்கினால், அடுத்த அடிக்கு 'ஓவியம்' வரலாம், 'மேவிய' வரலாம், 'பூவினை' வரலாம். 'கவிதை' வரலாகாது, அதன் முதலெழுத்துக் குறில். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கோ கட்டுப்பாடு இன்னும் மிகுதி. நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாகவே அச்சீர் முடியவேண்டும். தஞ்சை நாட்டு மாணவர் இவற்றை நெல், வயல், ஆறு, வரப்பு என்று நினைவிற் கொண்டால் மறவார். அவையும் முறையே அதே நான்கு வடிவங்கள்தாம். ஆகவே புலவன் தேடுவது வெறும் பொருளன்று. குறித்த அளவும், குறித்த இடத்தில் குறித்த எழுத்தும் உடைய சொல்.

அத்தகைய சொல்லை எங்கே தேடுவது? நிகண்டுகளுள் பழமையானது திவாகரம். காவிரி நாட்டு அம்பரில் வாழ்ந்த சேந்தன் என்னும் தலைவன் ஆதரவில் திவாகரர் இயற்றியது அது. ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டினது என்பர். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனப் பொருளை அடியாகக் கொண்டு அது வகுக்கப்பட்டது. நீரைக் குறிக்கும் சொற்கள் யாவை என்று கேட்பவனுக்கு அது விடை தரும். எழுத்தைச் சொல்லிச் சொல்லைக் கேட்பவன் அதில் அலைந்து திரியவேண்டியதே.

இந்தக் குறையை உணர்ந்தவர் சூடாமணி நிகண்டு செய்த மண்டல புருடர். தம் நூலின் 11-ஆம் தொகுதியை அவர் எதுகை முறையில் அமைத்தார். ககர எதுகை முதல் னகர எதுகை வரை. இரண்டாம் எழுத்தை அறிந்தவனுக்கு வழி திறந்தது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் இந்நிகண்டை மனப்பாடம் செய்தனர். மனப்பாடம் என்றவுடன் இக்காலத்தார் முகம் சுளிக்கின்றனர். ஆனால் ஓலைச்சுவடியைப் புரட்டிக்கொண்டிராமல், வேண்டிய எதுகையை நினைத்த அளவில் சொல் நாவில் வந்து நிற்கும் வசதி எளிதில் இகழத்தக்கதன்று.

1594-ஆம் ஆண்டில் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டு இயற்றினார். சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தியவர் அவர். 'அகராதி' என்னும் பெயரும் அந்நூலால் வழங்கலாயிற்று. இதற்குப் பத்தாண்டு கழித்து, 1604-இல், இங்கிலாந்தில் இராபர்ட் கௌட்ரி அகரவரிசைச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதைப் பயன்படுத்த விரும்புவோர் முதலில் எழுத்துக்களின் வரிசையை நன்கு கற்கவேண்டும் என்று தம் நாட்டாருக்கே அவர் விளக்கவேண்டியிருந்தது! அகரவரிசை எங்கும் இயல்பாக முளைத்ததன்று என்பது இதனால் விளங்கும்.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டு செய்த வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது அந்நூல். முதலெழுத்தோடு நில்லாமல் அடுத்தடுத்த எழுத்துக்களையும் நோக்கிச் சொற்களை வரிசைப்படுத்தினார். நான்காவதாகிய தொடையகராதி, எதுகைக்கு உரிய சொற்களைத் திரட்டித் தருவது. இத்தாலியில் பிறந்த ஒருவர், 'எழுத்தைக் கொடுத்தால் சொல்லைத் தருக' என்ற தமிழ்ப் புலவனின் தேவைக்கென்றே தனியொரு பகுதி ஒதுக்கினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. தாமே தேம்பாவணி பாடியவரல்லவா? அந்த இடர்ப்பாட்டை அவர் நன்கு அறிந்திருப்பார்.

ஆங்கிலத்தார் செய்த வழி வேறு. அவர்கள் கவிதையில் ஒலி ஒன்றுவது சொல்லின் இறுதியில். எனவே ஜான் வாக்கர் 1775-இல் தொகுத்த அகராதியில் சொற்கள் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசை பெற்றன. தேடுவோன் கையில் சொல்லின் எந்த முனை இருக்கிறதோ அந்த முனையிலிருந்து அகராதியும் தொடங்குகிறது.

இக்காலத்துக் கணிப்பொறி எந்த எழுத்தையும் எந்த இடத்திலும் வைத்துத் தேடித் தரும். ஆயினும் தமிழ் எழுத்தை எண்ணுவதில் அது இடறுவதுண்டு. 'தஞ்சாவூர்' ஐந்தெழுத்துச் சொல். ஒருங்குறியிலோ புள்ளியும் காலும் ஊகாரக்குறியும் தனித்தனியே எண்ணப்பட்டு ஒன்பது ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அவ்வூர்ப் பெயரை எழுதினாலும் ஒன்பது எழுத்துத்தான், இது தற்செயல்.

சொல் பொருந்துவது ஒன்று. அதுவே உரிய சொல்லாக இருப்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை ஆசிரியராக இருந்தபோது, அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரால் தூண்டப்பட்டு, சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். ஓலையில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே 'வரன்' என்பதும் 'வான்' என்பதும் ஓலையில் ஒரே உருவம். 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் அப்படியே. யாப்பு இங்கே கைகொடுக்கும். நேரசைக்குரிய இடமானால் 'வான்'. எதிரடியில் 'வாரி' என்று நெடில் நின்றால் 'ஏரி'.

ஆனால் முதலெழுத்தையே பூச்சி அரித்துவிட்டால்? 'யல்' மட்டும் எஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். வயல், கயல், புயல், முயல், செயல் எல்லாம் ஒரே அளவு; எதுகைக்கும் எல்லாம் பொருந்தும். புலவர் ஒருவர் நொடிப்பொழுதில் அழகியதொரு சொல்லை இட்டு நிரப்பிவிடலாம்; படிப்போர் எவரும் அறியார். ஐயர் அது செய்யவில்லை. வேறு ஏடுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றார். பழைய உரையில் அச்சொல்லுக்குப் பொருள் கூறப்பட்டுள்ளதா என்று பார்த்தார். சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, எந்த ஏட்டிலும் கிடைக்காத பகுதிகளுக்குப் புள்ளிகளையே அச்சிட்டார். அந்நூலில் 267, 268 என்னும் எண்களுக்கு உரிய பாட்டுக்கள் இன்றளவும் கிடைக்கவில்லை.